காதோடு கேட்கப்படும் பொருள்கள்

தருமபுரி மாவட்டம் அரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் மருந்துக் கடை நடத்துகிறோம். மாமனார் ஆரம்பித்த கடை. தீர்த்தமலை, கோட்டப்பட்டி, சித்தேரி, மொரப்பூர் என்று நாலு பக்கத்திலிருந்தும் பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டோடு எங்களிடம் வருவார்கள். சீட்டில் எழுதியதை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலையில் பாதி. சீட்டில் இல்லாததைக் கேட்க வந்து, கேட்க முடியாமல் நிற்கிறவர்களைப் புரிந்துகொள்வது மீதிப் பாதி. எதைச் சத்தமாகக் கேட்பது, எதைக் காதோடு கேட்பது, எதைக் கேட்காமலே திரும்பிப் போவது என்று ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் பிள்ளைகள் கடைக்குத் தனியாக வர மாட்டார்கள். ஒருத்தி கவுண்டரில் நிற்பாள், கூட வந்தவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். என் கணவர் இருந்தால் முதலில் ஒரு விக்ஸ் டப்பா கேட்பார்கள். அவருக்கு விஷயம் தெரியும். "அக்காவ வரச் சொல்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். பேடு என்ற சொல் அவர்கள் வாயில் வராது. "விஸ்பர் குடுங்கக்கா" என்பார்கள். எந்தக் கம்பெனி கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். முன்பெல்லாம் கருப்புக் கவரில் போட்டுக் கொடுப்போம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபின் செய்தித்தாளில் சுற்றித் தருகிறோம். சுற்றாமல் கொடுத்தால் புத்தகப் பையின் அடியில், நோட்டுகளுக்கு நடுவில் திணித்துக்கொண்டு போவார்கள். 2012இல் வந்த புது யுகம் திட்டத்தின் கீழ் அரசே பள்ளிகளிலும் கிராமங்களிலும் நாப்கின் கொடுக்க ஆரம்பித்தது பெரிய காரியம். என் வயதுப் பெண்கள் தங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூசியதை இந்தப் பிள்ளைகள் டீச்சரிடம் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனாலும் கடைவாசல் வேறு. அங்கே ஊர் நிற்கிறது.

பையன்கள் பாடும் அதேதான். பதினேழு வயதுப் பையன் முகப்பருவுக்குக் களிம்பு கேட்க வந்து, பக்கத்தில் யாராவது நின்றால் மாத்திரை அட்டைகளை வேடிக்கை பார்ப்பான். இன்னும் கொஞ்சம் வயது கூடி ஆணுறை வாங்க வருகிறவர்கள் கடை காலியாகும்வரை எதிரே டீக்கடையில் காத்திருப்பார்கள். மத்திய அரசு 1968இல் நிரோத் என்ற ஆணுறையைக் கொண்டுவந்தபோது மூன்று 15 காசு. மருந்துக் கடை வரை வரக் கூசுகிறவர்களை நினைத்துத்தான் பெட்டிக்கடையிலும் மளிகைக் கடையிலும் விற்க ஏற்பாடு செய்தார்கள். அங்கேயும் பலர் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்கள் என்று மாமனார் சொல்வார். 2003 வாக்கில் புள்ளிராஜா என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் வந்தது. யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயத்தை லாரி டிரைவர் முதல் கல்லூரிப் பையன் வரை பேச வைத்த விளம்பரம் அது. அந்த வருஷங்களில் கூச்சம் கொஞ்சம் தளர்ந்ததை எங்கள் கவுண்டரில் பார்த்தோம்.

இளவயதுக் கூச்சம் இத்தனை கடுமையாக இருப்பதற்குக் காரணம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967இல் எழுதினார்: பதின்ம வயதில் ஒருவருக்குத் தன்னைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் உட்கார்ந்து தன்னையே பார்ப்பதாகத் தோன்றும். அந்தக் கூட்டம் கற்பனை. ஆனால் அது தரும் வியர்வை நிஜம். லியா சாமர்வில் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 2013இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். எட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை உள்ளவர்களை மூளையைப் படமெடுக்கும் கருவியில் படுக்க வைத்து, உன் வயதுடைய ஒருவர் இப்போது உன்னைக் கேமராவில் பார்க்கிறார் என்று மட்டும் சொன்னார்கள். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. பார்க்கிறார்கள் என்ற எண்ணம் ஒன்றிலேயே கூச்சம் ஏறியது. பதின்ம வயதுக்காரர்களுக்கு மற்ற எல்லாரையும்விட அதிகமாக ஏறியது.

பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் நாம் கூட்டித்தான் எண்ணுகிறோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் ஒரு சோதனை செய்து 2000இல் வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் பனியனைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர் நினைத்தார். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். கடை வாசலில் கூனிக் குறுகி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கும். சில பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

முப்பது, நாற்பதுகளில் இருப்பவர்கள் அவசரக்காரர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் சிரப், வீட்டுக்காரருக்கு வயிற்றுவலி மாத்திரை என்று அடுத்தவர் தேவையைக் கேட்டுக் கேட்டு வாய் பழகிவிடுகிறது. கல்யாணமான புதிதில் கர்ப்பம் பார்க்கும் அட்டையைக் கிசுகிசுத்துக் கேட்ட பெண், இரண்டாவது பிள்ளை பிறந்தபின் கருத்தடை மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்பாள்.

ஐம்பதை ஒட்டி வரும் விடுதலை ஒன்று உண்டு. அதை நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகி அரூருக்கு வந்தபோது பேருந்து நிலையத்தில் தனியாக நின்று ஒரு டீ குடிக்க எனக்குத் துணிச்சல் கிடையாது. பெண்கள் டீக்கடை வாசலில் நின்றால் ஆண்கள் திரும்பிப் பார்க்கும் காலம். இப்போது ஆண்களுக்கு நடுவில் நின்று, சர்க்கரை கம்மியாக என்று குரல் கொடுத்து வாங்கிக் குடிக்கிறேன். யாரும் திரும்புவதில்லை. 2021 மே 8 முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆன பிறகு, என் வயதுப் பெண்கள் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும்படி கூடியிருக்கிறது. கட்டு கட்டாகக் கீரை, மடியில் நிலக்கடலை, ஜன்னல் வழியாக உறவுக்காரிக்கு இடம் பிடித்துக் கூவும் குரல். இவர்களே இருபத்தைந்து வயதில் அதே பேருந்தில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்டக்டரிடம் இறங்கும் இடம் சொல்லவும் கூசியவர்கள்.

துருக்கியில் பிறந்த சமூகவியலாளர் டெனிஸ் கண்டியோட்டி 1988இல் எழுதிய கட்டுரை ஒன்று இதை விளக்குகிறது. ஆண்களின் அதிகாரம் நிலைத்த குடும்பங்களில் இளம் மருமகளுக்கு அடக்கம் விதிக்கப்படுகிறது; அவள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் கல்யாணமாகி, மாமியார் ஆகும்போது பேசும் உரிமை கைக்கு வருகிறது. இளமையில் அடங்கிப் போனதற்கு முதுமையில் கிடைக்கும் பிரதி. நான் இதோடு இன்னொன்றைச் சேர்ப்பேன். பேசும் உரிமை வரும்போதே ஊர் பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறது. யாரும் பார்க்காததால் கூச்சம் போகிறது. அதே காரணத்தால், நாளைக்கு அவள் மயங்கி உட்கார்ந்தாலும் கவனிக்க நேரமாகும்.

எழுபதைத் தாண்டிய ஆயாக்கள் கடைக்கு வந்தால் கடையே கலகலக்கும். "மூணு நாளா வெளிக்கே போவல கண்ணு, சுருக்கா எதாச்சும் குடு" என்று ஒருவர் ரோட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவார். நின்றிருக்கும் இளவட்டங்கள் சிரிக்கும். வயசானா வெட்கமெல்லாம் விட்டுப்போயிரும் என்று யாராவது சொல்வார்கள். ஊரே நம்பும் விஷயம் இது. நான் எழுத உட்கார்ந்தது இந்த நம்பிக்கையை மறுப்பதற்காகத்தான்.

உல்ரிக் ஓர்த், ரிச்சர்ட் ராபின்ஸ், கிறிஸ்டோபர் சோட்டோ என்ற மூன்று உளவியலாளர்கள் 13 வயது முதல் 89 வயது வரை 2,611 பேரிடம் நடத்திய ஆய்வை 2010இல் வெளியிட்டார்கள். அவமான உணர்வு வயதோடு எப்படி மாறுகிறது என்பது அதில் ஒரு கேள்வி. பதின்ம வயதில் அதிகமாக இருக்கும் அந்த உணர்வு குறைந்துகொண்டே வந்து, ஐம்பது வயது வாக்கில் அடிமட்டத்தைத் தொடுகிறது. அதற்குப் பிறகு மறுபடி ஏறுகிறது. அந்த ஆய்வை அரூரில் யாரும் நடத்தவில்லை. ஆனால் எங்கள் கவுண்டர் அதைத்தான் சொல்கிறது. ஐம்பதில் போன கூச்சம் அறுபத்தைந்து, எழுபதில் வேறு முகத்தோடு திரும்பி வருகிறது. இளவயதில் நம்மை யார் எப்படிப் பார்ப்பார்களோ என்ற கூச்சம். முதுமையில் நம்மால் ஒன்றும் முடியாது என்று தெரிந்துவிடுமோ என்ற கூச்சம்.

மலச்சிக்கலை ரோட்டில் நின்று சொன்ன அதே ஆயா, தும்மினால் சேலை நனைந்துவிடுகிறது என்பதைச் சொல்லப் பல மாதம் எடுத்துக்கொண்டார். அதுவும் மதியம் கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரு சோடா மாத்திரை வாங்கிவிட்டு, போவது போலத் திரும்பி வந்து சொன்னார். முகப்பருக் களிம்பு கேட்கும் பையன் நிற்பது போலவே நின்றார். பெரியவர் ஒருவர் பெரியவர்களுக்கான டயாப்பர் வாங்கும்போதெல்லாம் "சம்சாரத்துக்கு" என்பார். அவர் சம்சாரம் இறந்து வருஷங்களாகின்றன. சாவுக்கு நானே போயிருந்தேன். நானும் "சரிங்கப்பா" என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

ஆண்களுக்கு இது இன்னும் கடினம் என்று எனக்குப் படுகிறது. பெண்களுக்குக் கூச்சம் பழக்கமானது. அதோடு வாழ்ந்து, அதைத் தாண்டி வந்தவர்கள். ஆண்கள் பலர் அறுபது வயதுவரை பொது இடத்தில் உரக்கப் பேசியே பழகி, அதன் பிறகு முதல் முறையாகக் கூச வேண்டியிருக்கிறது. மில்லில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை தூக்கியவர், கையில் தடி பிடிக்க மறுத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பார். காது கேட்காதவர் கேட்டது போலத் தலையாட்டுவார். "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, திருப்பிச் சொல்லுங்கப்பா" என்று நான் கேட்கும்போதுதான் ஒன்றுமே காதில் விழவில்லை என்று தெரியும். 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையை எடுக்க வேண்டும். ஏடிஎம்மில் எழுத்து தெரியவில்லை. முன்பின் தெரியாத பையனிடம் கார்டை நீட்டக் கூச்சம், பயம். பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் கேரளத்திலும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அதன் பின் விகிதம் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தக் கூச்சம் ஆளைக் கொல்லவும் செய்யும். ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் கொடுக்கும் மாத்திரைகளில் சில, உடம்பில் தேங்கும் நீரைப் பிரித்து வெளியேற்றுபவை. போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டி வரும். பேருந்தில் போகிற நாளில், கல்யாணத்துக்கோ எழவுக்கோ போகிற நாளில், பெரியவர்கள் இந்த மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். கூடவே காலையிலிருந்து தண்ணீரும் குடிப்பதில்லை. வழியில் கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் கால் மடக்கி உட்கார முடியுமா, டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்ல முடியுமா என்ற கேள்விகளுக்கு அவர்கள் கண்ட விடை அது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, இல்லையென்றால் தண்ணீர் வற்றித் தலைசுற்றி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். சிறுநீர்த் தொற்று வந்தவர்களுக்குக் கணக்கில்லை. மாத்திரை சாப்பிட்டீங்களா என்று டாக்டர் கேட்டால் சாப்பிட்டேன் என்பார்கள்.

அப்படியானால் பொது இடத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டு விடுகிற பெரியவர்கள்? அவர்களும் உண்டு. "இன்னும் குழந்த இல்லையா, யாருக்குக் கொற?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது ஒரு இளம்பெண்ணிடம் கேட்டு அவளைக் கலங்கடித்த பாட்டியை எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் வில்லியம் வான் ஹிப்பெல் என்ற உளவியலாளர் செய்து 2005இல் வெளிவந்த ஆய்வு இதைப் பற்றியது. தனிப்பட்ட விஷயத்தை நாலு பேர் முன்னால் கேட்பது தவறு என்பது முதியவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறார்கள். நாக்கைப் பிடித்து நிறுத்தும் வேலை மூளையின் முன்பகுதியுடையது. வயதாக ஆக அந்தப் பிடி சிலருக்குத் தளர்கிறது. அந்தப் பாட்டி கெட்டவர் என்று முடிவுகட்டும் முன் இதை நினைக்க வேண்டும். அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கவும் வேண்டும்.

ஒன்றை மட்டும் வயது என்று விட்டுவிடக் கூடாது. ஐம்பது, அறுபது வயதில், அதுவரை ஒழுங்காக இருந்த ஒருவர் திடீரென்று ஆளே மாறி, தெருவில் வேட்டியை அவிழ்ப்பது, அந்நியப் பெண்களிடம் தகாத பேச்சு, கடையில் எடுத்ததற்குக் காசு கொடுக்காமல் போவது, இனிப்பை அள்ளி அள்ளித் தின்பது என்று ஆனால், அது மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சுருங்கும் மறதிநோய் வகையாக இருக்கலாம். இதில் ஞாபகம் கடைசியில்தான் போகும்; கூச்சம் முதலில் போகும். பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடையில் ஆரம்பிப்பதால் யாரும் மறதிநோய் என்று நினைப்பதில்லை. குடி என்பார்கள், செய்வினை என்பார்கள், வீட்டிலேயே பூட்டி வைப்பார்கள். வீட்டாருக்கு வரும் அவமானம் சொல்லி முடியாது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், பெங்களூரு நிமான்ஸுக்குப் போகலாம். குணமாக்க மருந்து இல்லை என்றாலும், இது நோய் என்று ஒரு டாக்டர் வாயால் கேட்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்.

அரூரிலிருந்து கூச்சத்தைப் பற்றி எழுதுகிறவள் வாச்சாத்தியைத் தாண்டிப் போக முடியாது. சித்தேரி மலையடிவாரத்து ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பள்ளிக்கூட வயதுச் சிறுமியும் அவர்களில் உண்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நான் சொல்லிக்கொண்டிருக்கும் கடைவாசல் கூச்சங்களோடு வைத்துப் பேசும் விஷயமல்ல இது. ஆனாலும் ஒன்றை அந்தப் பெண்கள் எங்கள் வட்டாரத்துக்கே காட்டினார்கள். அன்றைக்கு வெளியே சொல்ல வாய் வராதவர்கள் பிறகு நீதிமன்றத்தில் சொன்னார்கள், மைக் முன்னால் சொன்னார்கள். வயதானதால் வந்த துணிச்சல் என்று அதைச் சொன்னால் அவர்களைக் குறைப்பதாகும். மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்றது. பதினெட்டுப் பேரும் ஒருவரோடு ஒருவர் நின்றார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்பதை அவர்கள் சேர்ந்துதான் நிலைநாட்டினார்கள்.

கூட நிற்பவர்கள் மாறினால் கூச்சம் மாறும் என்பதை நம்பித்தான் கடையில் சிலவற்றை மாற்றினோம். பெரியவர்களுக்கான டயாப்பரை உள் அலமாரியிலிருந்து எடுத்து, குழந்தைகள் டயாப்பருக்குப் பக்கத்திலேயே முன்னால் வைத்திருக்கிறோம். கையைக் காட்டினால் போதும், பெயர் சொல்ல வேண்டாம். யாருக்கு என்று கேட்பதில்லை. அறுபதைத் தாண்டி யார் வந்தாலும், எந்த மருந்துக்கு வந்தாலும், "தண்ணி நல்லாக் குடிக்கிறீங்களா, நீர் சிரமமில்லாமப் போவுதா?" என்று கேட்டுவிடுவேன். எல்லாரிடமும் கேட்பதால் யாருக்கும் தன்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டது போல இருக்காது. பதில் சொல்ல விரும்பாதவர் "போவுதும்மா" என்று நகர்ந்துவிடலாம். நிற்கிறவர் நிற்பார்.

நிற்கிறவர்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. பல பிரசவம் கண்ட உடம்பில் அடிவயிற்றைத் தாங்கும் தசை தளர்ந்தால் தும்மும்போதும் இருமும்போதும் நீர் கசியும். கர்ப்பப்பை இறக்கம் இருந்தாலும் அப்படித்தான். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம். சர்க்கரை ஏறியிருக்கலாம், தொற்று இருக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் சொன்ன பயிற்சிக்குச் செலவே இல்லை: ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்த எந்தத் தசையை இறுக்குவோமோ, அதை மற்ற நேரத்தில் இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். சில வாரங்கள் விடாமல் செய்தால் பலருக்குக் கசிவு குறைகிறது. சேலைக்குள் நடப்பது யாருக்கும் தெரியாது, பேருந்தில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்று சொன்னால் ஆயாக்கள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள்.

பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருவதுதான் அதன் முதல் நோக்கம். எனக்கு அதில் பிடித்தது, மாத்திரை கொண்டுவரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறாள் என்பது. ஆஸ்பத்திரி வரிசையில் பின்னால் முப்பது பேர் நிற்கும்போது சொல்ல முடியாததைத் திண்ணையில் சொல்ல முடியும். டாக்டர் அறைக்குள் மகனும் மருமகளும் கூடவே வந்து நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்களே பதில் சொல்வது எங்கள் பக்கத்தில் அன்பு என்று கருதப்படுகிறது. அழைத்துப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் பெரியவர் வாய் திறப்பார்.

ஊருக்குப் போகிற நாளில் அந்த நீர் பிரிக்கும் மாத்திரையை விட வேண்டிய அவசியமும் இல்லை. காலையில் போடுவதைத் திரும்பி வந்தபின் மாலையில் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பலருக்கு அவர் சரி என்றே சொல்கிறார். இரவில் அடிக்கடி எழுந்து இருட்டில் விழாமலிருக்க, படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் போடக் கூடாது என்பார். கேட்கக் கூசுகிறவர்கள் சீட்டை எங்களிடம் விட்டுப் போகிறார்கள். சாயந்தரம் கடையிலிருந்து நான் போன் போட்டுக் கேட்டு, அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன்.